கறுப்புப் பந்துக்குக் கடினமான கேள்வி வைக்காதீர்கள்

கேள்வி இது: "ஸ்னூக்கர் ஆடுவதுபோல ஒரு வினாடி வினா பலகை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். சிவப்புக்கு எளிய கேள்வி, மஞ்சளில் தொடங்கி கறுப்பு வரை படிப்படியாகக் கடினம். தவறாகச் சொன்னால் எதிராளிக்கு 4 புள்ளி. ஆடிப் பார்த்தால் சாதாரண வினாடி வினா மாதிரிதான் இருக்கிறது. எல்லோரும் மஞ்சளையே எடுக்கிறார்கள். எங்கே தவறு?"

பந்துகளின் புள்ளிப் பட்டியலைக் கடினத்தின் பட்டியலாக எடுத்துக்கொண்டதில்தான் தவறு. ஸ்னூக்கரில் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதும் பந்தை மேசை ஓரத்துக் குழிகளில், அதாவது பாக்கெட்டுகளில், போட வேண்டும்; ஒரு சிவப்பு, பிறகு ஒரு வண்ணம் என்று மாற்றி மாற்றி. சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7 என்பது சரி. ஆனால் கறுப்பைப் போடுவது கடினம் என்பதற்காக அதற்கு 7 கொடுக்கவில்லை. சிவப்புக் கூட்டத்துக்குப் பின்னால், மேல் குஷனிலிருந்து (மேசை விளிம்பின் ரப்பர் சுவர்) 324 மி.மீ. தூரத்தில், இரண்டு மூலைப் பாக்கெட்டுகளுக்கும் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைப் பந்து அருகில் வந்து நின்றுவிட்டால் பழகிய கைக்கு அது எளிய பந்து. ஒவ்வொரு சிவப்பைப் போட்ட பிறகும் வெள்ளையைக் கறுப்பின் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கடினம். 15 சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு 120, கடைசியில் ஆறு வண்ணங்களுக்கு 27, மொத்தம் 147 என்ற உச்ச பிரேக் (ஒரே முறையில் விடாமல் எடுக்கும் புள்ளிகள்) அரிதாக இருப்பதற்கு அந்த 36 பந்துகளுக்கு நடுவே வெள்ளை போய் நிற்கும் இடங்கள்தான் காரணம்.

கேரமோடு ஒப்பிட்டால் தெளிவாகும். கேரமில் காய் விழுந்ததும் ஸ்ட்ரைக்கரை எடுத்து உங்கள் கோட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஸ்னூக்கரில் வெள்ளை நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. உங்கள் விளையாட்டில் வெள்ளைப் பந்துக்கு இடமே இல்லை. கேள்வி, பதில், மறுபடி முதலிலிருந்து கேள்வி. அதனால்தான் ஸ்னூக்கரின் சாயல் வரவில்லை.

எல்லோரும் மஞ்சளை எடுப்பதற்கும் கணக்கு இருக்கிறது. எளிய கேள்விக்கு 80 சதவீதமும், கறுப்பின் கேள்விக்கு 30 சதவீதமும் சரியாக வருகிறது என்று வைப்போம். கறுப்பைத் தேர்ந்தால் சராசரி 7 × 0.3 = 2.1. மஞ்சள் 2 × 0.8 = 1.6. இதுவரை கறுப்பே மேல். ஆனால் சரியான பதில் அடுத்த சிவப்பையும் திறக்கிறது. அடுத்து ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் வரை மட்டும் சேர்த்தால் அந்தத் தொடர்ச்சி 2.08 பெறும். அதில் மஞ்சளை எடுத்தவர் 80 சதவீதத்தையும் கறுப்பை எடுத்தவர் 30 சதவீதத்தையும் அனுபவிக்கிறார். மொத்தம் மஞ்சளுக்கு 3.26, கறுப்புக்கு 2.72. பிரேக் நீள நீள இந்த வித்தியாசம் கூடும். ஆட்டக்காரர்கள் இதை எழுதிப் பார்ப்பதில்லை, ஆனால் இரண்டு ஃப்ரேமுக்குள், அதாவது இரண்டு முழு ஆட்டத்துக்குள், உணர்ந்துவிடுவார்கள்.

எனவே கேள்வியின் கடினத்தைப் பந்தின் நிறத்தோடு கட்டாமல், வெள்ளைக்கும் பந்துக்கும் உள்ள தூரத்தோடு கட்டுங்கள்.

மேசையை நீளவாக்கில் நான்கு மண்டலமாகப் பிரித்தால் போதும். முதல் மண்டலத்தில் மஞ்சள், பச்சை, பிரவுன். இரண்டாவதில் நீலம், மூன்றாவதில் பிங்க், நான்காவதில் கறுப்பு. சிவப்பு ஆறு வையுங்கள்: இரண்டாவது மண்டலத்தில் ஒன்று, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் இரண்டு. வெள்ளை நிற்கும் மண்டலத்திலேயே பந்து இருந்தால் முதல் நிலைக் கேள்வி. ஒரு மண்டலம் தள்ளி என்றால் இரண்டாம் நிலை, இரண்டு தள்ளி என்றால் மூன்றாம் நிலை, மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு என்றால் நான்காம் நிலை. கடைசியில் சொன்னது 'லாங் பாட்'. அது தவறுவதே இயல்பு.

அடுத்தது வெள்ளை எங்கே போய் நிற்கும் என்பது. பந்து விழுந்ததா என்பதையும், வெள்ளை சொன்ன பேச்சைக் கேட்டதா என்பதையும் ஒரே கேள்வியால் தீர்மானிக்கலாம். கேள்வியைப் படித்து முடித்ததும் ஆடுபவருக்கு 10 விநாடி. அதற்குள் அவர் 'நேர்' அல்லது 'தெரிவு' என்று சொல்ல வேண்டும். 'நேர்' என்றால் உதவியில்லாமல் பதில். சரியானால் பந்து விழுந்தது, வெள்ளையையும் அவர் விருப்பப்படி ஒரு மண்டலம் நகர்த்தலாம் அல்லது அங்கேயே வைக்கலாம். 'தெரிவு' என்றால் நான்கு விடைகள் வாசிக்கப்படும். சரியானதைச் சொன்னால் பந்து விழும், ஆனால் வெள்ளையின் இடத்தைப் பகடை முடிவு செய்யும்: 1 விழுந்தால் முதல் மண்டலம், 2 என்றால் இரண்டாவது, 3 அல்லது 4 என்றால் மூன்றாவது, 5 என்றால் நான்காவது, 6 என்றால் நின்ற இடத்திலேயே. பதில் தவறினாலும் இதே பகடைதான், முறை மட்டும் எதிராளிக்குப் போகும். மூன்றாவது மண்டலத்துக்கு இரண்டு முகம் கொடுத்திருப்பது வேண்டுமென்றே. தவறிய அடியில் வெள்ளை பெரும்பாலும் சிவப்புக் கூட்டத்தின் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு பிரேக்கை நடத்திப் பார்ப்போம். வெள்ளை மூன்றாவது மண்டலத்தில் இருக்கிறது. அதே மண்டலச் சிவப்பு, முதல் நிலைக் கேள்வி, 'நேர்', சரி. 1 புள்ளி. வெள்ளையை நான்காவதுக்கு நகர்த்துகிறார். கறுப்பும் இப்போது முதல் நிலைதான். மறுபடி 'நேர்', சரி, மொத்தம் 8. வெள்ளை அங்கேயே நிற்கட்டும், நான்காவது மண்டலத்தில்தான் இரண்டு சிவப்பு இருக்கின்றனவே. இந்தக் கேள்விக்குப் பதில் நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. 'தெரிவு'. சரியாகச் சொல்லிவிட்டார், 9. ஆனால் பகடையில் 1. வெள்ளை மேசை முழுவதும் உருண்டு முதல் மண்டலத்துக்கு, ஸ்னூக்கரில் பால்க் என்கிற பக்கம், போய்விட்டது. இங்கிருந்து கறுப்பு நான்காம் நிலை, பிரவுன் முதல் நிலை. பிரவுனை எடுத்து 13 ஆக்கலாம், ஆனால் 'நேர்' சொல்லி வெள்ளையை இரண்டாவது மண்டலத்துக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த சிவப்பு எட்டும். ஸ்னூக்கர் அறைகளில் "பொசிஷன் போயிடுச்சு" என்று சொல்கிற அந்த நிலைமை அப்படியே இங்கே வந்துவிடுகிறது.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நன்றாக ஆடுபவர் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவிலேயே குடியிருந்து, எப்போதும் முதல் நிலைக் கேள்வியாகவே வாங்கிக்கொள்வார். இதை அடைக்கப் பாக்கெட்டுகளைப் பயன்படுத்துங்கள். மேசையில் பாக்கெட் ஆறு, உங்களிடமும் ஆறு துறைகள் இருக்கட்டும்: வரலாறு, அறிவியல், புவியியல், மொழியும் இலக்கியமும், விளையாட்டு, திரையிசை. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒரு துறை வில்லை. எந்தப் பாக்கெட்டில் போடுகிறாரோ அந்தத் துறையில் கேள்வி. எந்தப் பாக்கெட் திறந்திருக்கிறது என்பதைப் பந்து இருக்கும் மண்டலம் சொல்லும். முதல் மண்டலத்துப் பந்துக்குக் கீழ் மூலைகள் இரண்டும் நடுப் பாக்கெட்டுகள் இரண்டும். நீலம் இருக்கும் இரண்டாவது மண்டலத்துக்கு ஆறும். மூன்றாவதுக்கு நடு இரண்டும் மேல் மூலை இரண்டும். நான்காவதுக்கு மேல் மூலை இரண்டு மட்டும். கறுப்பிலேயே புள்ளி குவிக்க விரும்புபவர் அந்த இரண்டு துறைகளிலும் தொடர்ந்து பதில் சொல்லியாக வேண்டும். உண்மையான மேசையிலும் கறுப்பை நடுப் பாக்கெட்டில் போடுவது அபூர்வம்தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்குப் பிறகும் தோற்றவர் ஏதாவது இரண்டு வில்லைகளை இடம் மாற்றலாம். எதிராளியின் பலமான துறையை மேல் மூலையிலிருந்து கீழே தள்ளிவிட இது ஒன்றே போதும்.

பந்தைப் போட முயலாமல், எதிராளிக்குக் கடினமான இடத்தில் வெள்ளையை விட்டுவைக்கும் பாதுகாப்பு ஆட்டம் இல்லாமல் ஸ்னூக்கர் இல்லை. போட வேண்டிய பந்தை நேராக அடிக்க முடியாதபடி வெள்ளையை மறைத்துவிடுவதற்கும் 'ஸ்னூக்கர்' என்றே பெயர். நான்காம் நிலைக் கேள்விதான் எதிரே இருக்கிறது என்றால் ஆடுபவர் 'சேஃப்டி' சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டு, விடை எண்ணாக இருக்கும் கேள்விகள், 60 அட்டை. விடைக்கு மிக அருகில் சொன்னால் வெள்ளையை முதல் மண்டலத்தில் வைத்து, மேலே ஒரு 'ஸ்னூக்கர்' வில்லையையும் வைக்கலாம். ஓரளவு அருகில் என்றால் முதல் மண்டலம் மட்டும். தூரமாகப் போய்விட்டால் வெள்ளையை எங்கே வைப்பது என்பதை எதிராளி முடிவு செய்வார். தொடக்க அடிக்கும் இதே கட்டு, ஆனால் வில்லை கிடையாது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று. 'மிக அருகில்' என்பதற்கு எல்லா அட்டைக்கும் 10 சதவீதம் என்று விதி எழுதுவார்கள். மலையின் உயரத்துக்கு அது சரி. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், அதற்கு 220 மீட்டர் இப்படி அப்படி என்பது நியாயமான சலுகை. ஆனால் ஆண்டுக் கேள்விக்கு 10 சதவீதம் என்றால் 1985க்கு 198 ஆண்டு! 1800 என்று சொன்னவரும் ஸ்னூக்கர் வைத்துவிடுவார். சலுகையை ஒவ்வோர் அட்டையிலும் தனியாக அச்சிடுங்கள். ஆண்டுகளுக்கு உள்வட்டம் ('மிக அருகில்') 2, வெளிவட்டம் ('ஓரளவு அருகில்') 10 ஆண்டு போதும்.

ஸ்னூக்கர் வில்லைக்குள் மாட்டியவருக்கு இரண்டாம் நிலைக் கேள்வி. துறையை மாட்டிவிட்டவர் தேர்ந்தெடுப்பார், 'தெரிவு' கிடையாது. சரியாகச் சொன்னால் புள்ளி இல்லை, தப்பித்தார். வெள்ளையைத் தன் விருப்பப்படி வைத்துவிட்டு முறையைக் கொடுப்பார். தவறினால் ஃபவுல். மாட்டிக்கொண்டவர் குறிவைத்த பந்தின் மதிப்பு எதிராளிக்குப் போகும், குறைந்தது 4. மறுபடி நீங்களே ஆடுங்கள் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் எதிராளிக்குக் கொடுங்கள், அது ஸ்னூக்கரின் விதி. வில்லையை மட்டும் ஒரு முயற்சியோடு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒருவரே பத்து நிமிடம் மாட்டிக்கொண்டிருப்பார்.

உங்கள் விதியில் எல்லாத் தவறான பதிலுக்கும் 4 புள்ளி தண்டம் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். பந்து பாக்கெட்டில் விழாமல் போவது ஃபவுல் அல்ல. ஒவ்வொரு தவறுக்கும் தண்டம் இருந்தால் யாரும் துணிந்து ஊகிக்க மாட்டார்கள், மேசை ஊமையாகிவிடும்.

ஏன் ஆறு சிவப்பு? 15 சிவப்பென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 36 பந்து வரை போகும். மூன்றில் இரண்டு பங்கு சரியாக வந்தால் 54 கேள்வி. ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம் வைத்தாலும் 40 நிமிடம், சேஃப்டி தனி. ஆறு சிவப்புக்கு 18 பந்து, 27 கேள்வி, 20 நிமிடம். மூன்று ஃப்ரேம் போட்டி ஒரு மணி நேரத்தில் முடியும். ஆறு சிவப்பு ஸ்னூக்கர் என்று தனியாகவே போட்டிகள் நடக்கின்றன, அதன் உச்ச பிரேக் 75. பலகையிலும் அதே கணக்கு நிற்கும்.

15 வைக்கக் கூடாததற்கு இன்னொரு காரணம் அளவு. முழு மேசையின் ஆடுபரப்பு 3569 × 1778 மி.மீ. ஏழில் ஒன்றாகச் சுருக்கினால் 510 × 254. பால்க் கோடு கீழ்க் குஷனிலிருந்து 105 மி.மீ., அந்தக் கோட்டை ஒட்டிய அரைவட்டமான 'டி'யின் ஆரம் 42. பிங்க் மேல் குஷனிலிருந்து 127, கறுப்பு 46, இரண்டுக்கும் நடுவே 81 மி.மீ. பந்தையும் ஏழில் ஒன்றாக்கினால் 7.5 மி.மீ., விரலால் எடுக்க முடியாது. 16 மி.மீ. வில்லை வேண்டும். அந்த வில்லையில் 15 சிவப்பை முக்கோணமாக அடுக்கினால் கடைசி வரிசையின் மையம் பிங்கிலிருந்து 71 மி.மீ. தூரத்துக்கு வந்துவிடும். கறுப்புக்கு மிச்சம் 10 மி.மீ.தான், வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆறுக்கு இந்தத் தொல்லை இல்லை. மண்டலக் கோடுகளைக் கீழ்க் குஷனிலிருந்து 180, 320, 425 மி.மீ.யில் போடுங்கள். எல்லா வண்ணப் பந்தின் புள்ளியும் கோட்டில் படாமல் உள்ளே விழும்.

சுற்றிலும் 20 மி.மீ. மரச்சட்டம் வரைந்து அதையே புள்ளித் தடமாக்கலாம். உள் சுற்றளவு 1528. பாக்கெட்டுகளுக்கு 150 போனால் 1378, அதில் 18 மி.மீ. கட்டம் 76 வரும், 0 முதல் 75 வரை. 75ஐத் தாண்டினால் இரண்டாம் சுற்று. வெளி அளவு 550 × 294, அதாவது 275 × 294இல் இரண்டு பாதி. டிஜிட்டல் அச்சகங்களில் கிடைக்கும் 12க்கு 18 அங்குலத் தாளில் ஒரு பாதி தாராளமாக அடங்கும். 2 மி.மீ. கிரே போர்டில் ஒட்டி, பின்பக்கம் பைண்டிங் துணியால் இணைத்து, படம் வெளியே தெரியும்படி மடியுங்கள். படம் உள்ளே போகும்படி மடிக்க நினைத்தால் நடுவில் 4 மி.மீ. இடைவெளி விட வேண்டிவரும். நீலத்தின் புள்ளி சரியாக அந்த மடிப்பில்தான் இருக்கிறது, வில்லை பள்ளத்தில் சாயும். பசை ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பலகை வளையும், பின்னாலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி ஓர் இரவு பாரம் வையுங்கள்.

அட்டைகளில் நான்கு நிலைக் கேள்வியையும் ஒரே அட்டையில் போடாதீர்கள். முதல் இரண்டு நிலைகள் வேகமாகத் தீரும், மற்றவை தொடப்படாமலே கிடக்கும். துறைக்கு 60 அட்டை: அதில் 40இல் முதல், இரண்டாம் நிலைக் கேள்விகள், 20இல் மூன்றாம், நான்காம் நிலைக் கேள்விகள். ஆறு துறைக்கு 360 அட்டை, 720 கேள்வி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 63 × 88 மி.மீ. சீட்டளவில், 8 பாயின்ட் அளவு எழுத்தில், விடைகளோடு இரண்டு கேள்விதான் நெருக்கமில்லாமல் அமரும். வெட்டும் ஓரம் சுற்றிலும் 2 மி.மீ. விட்டால் ஒரு தாளில் 18 அட்டை, மொத்தம் 20 தாள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு போதும்.

நிலைகளை எப்படி அளவிடுவது? 'நேர்' சொல்லும் அளவுக்கு விடை தெரிந்தவர்கள் முதல் நிலையில் 60 சதவீதம், இரண்டாவதில் 40, மூன்றாவதில் 20, நான்காவதில் 10 என்று குறி வையுங்கள். 'தெரிவு' வாங்குபவர்களில் முறையே 50, 40, 35, 30 சதவீதம் சரியாகச் சொன்னால், பந்து விழும் வாய்ப்பு 80, 64, 48, 37 சதவீதம் என்று இறங்கும். 80 சதவீதத்தில் ஒரு முறைக்குச் சராசரி நான்கு பந்து விழும். 64இல் இரண்டுகூட இல்லை. வெள்ளையைக் கட்டுப்படுத்தியவருக்கும் கோட்டைவிட்டவருக்கும் இருக்க வேண்டிய இடைவெளி இதுதான். ஒரு கேள்வியை 20 பேரிடம் கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் சதவீதம் 20 வரை முன்பின் தவறலாம், எனவே அதை நிலை பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். தவறான மூன்று விடைகளில் உழைப்பு வேண்டும். நம்ப முடியாத விடைகளாக வைத்தால் 'தெரிவு' வாங்குபவரும் 85 சதவீதம் போட்டுவிடுவார், 'நேர்' சொல்ல ஆளிருக்காது.

கேள்வியின் சொற்களில் கவனம் தேவை. "ஸ்னூக்கர் எங்கே பிறந்தது?" என்று எழுதினால் சண்டை வரும். 1875இல் நெவில் சேம்பர்லேன் என்ற படை அதிகாரி அதற்கு உருக்கொடுத்தது ஜபல்பூரில், 1882இல் விதிகள் எழுதி மாட்டப்பட்டது உதகை கிளப்பில். இரண்டு பேரும் தங்கள் பதிலே சரி என்பார்கள். "ஸ்னூக்கர் விதிகள் 1882இல் எந்த மலைநகரக் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன?" என்று கேட்டால் ஒரே விடைதான். "உலகச் சாம்பியன் பட்டத்தை அதிக முறை வென்றவர் யார்?" என்பதும் அப்படித்தான். 1927 முதல் 1946 வரை 15 முறை வென்ற ஜோ டேவிஸ், 1990களில் ஏழு முறை வென்ற ஸ்டீபன் ஹென்ட்ரி, 2022இல் அந்த ஏழைத் தொட்ட ரோனி ஓ'சல்லிவன் என்று மூன்று பதில் வரும். ஆண்டை உள்ளே வைத்து எழுதுங்கள், அட்டை பழசாகாது.

20 தாளையும் அச்சடிப்பதற்கு முன் துறைக்குப் பத்து அட்டையைக் கையால் எழுதி, ஐந்து ஃப்ரேம் ஆட வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நிலை, 'நேரா' 'தெரிவா', சரியா தவறா, வெள்ளை எந்த மண்டலம் என்று நான்கு குறி போட்டாலே போதும். ஐந்து ஃப்ரேமிலும் யாரும் 15 புள்ளி பிரேக் எட்டவில்லை என்றால் முதல் நிலை கடினமாக இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் யாராவது 40ஐத் தாண்டினால் மேல் மூலைத் துறைகள் எளிதாக இருக்கின்றன. சேஃப்டியை யாருமே சொல்லவில்லை என்றால் நான்காம் நிலைக் கேள்விகளில் கைவையுங்கள், அவை போதுமான அளவு பயமுறுத்தவில்லை.